அஸ்குவித்தும் பிரபுக்கள் சபையும்

இங்கிலாந்தின் வடபால் யோக்ஷயரிலே, மோர்லி என்னும் ஊரிற் கம்பளி வாணிகஞ் செய்த குடும்பமொன்றில் 1852 ஆம் ஆண்டு பிறந்தவர் ஹேர்பேட் ஹென்றி அஸ்குவித். எட்டு வயது நிரம்புமுன் தந்தையை இழந்த இவர், உறவினர் ஆதரவில் இலண்டனிற் கற்று, உபகாரச் சம்பளம் பெற்று ஒக்ஸ்போட் பேலியல் கல்லூரியை அடைந்தார். பின் நியாயதுரந்தரராகி, 1886 இற் பொதுமக்கள் சபையிற் புகுந்து, 1908 இல் முதன்மந்திரியானார். கல்வியினாலே உயர்ந்த இவர், பிறப்பையே தகுதியாகக் கொண்ட சபையோடு பொருத வரலாற்றையே நாம் ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

அக்காலத்துப் பிரபுக்கள் சபையில், பிஷப்மாரும் நீதிப் பிரபுக்களும் ஒழிந்த ஏனையோர் தந்தைக்குப்பின் மைந்தனென வழிவழி ஆசனம் பெற்றவர். பெரும்பாலார் பழமைக் கட்சியினர். 1906 இல் லிபரல் கட்சியார் பெருவெற்றி பெற்றும், அவர் கொணர்ந்த கல்வி மசோதா பிரபுக்கள் கையிற் சிதைந்து அவ்வாண்டே கைவிடப்பட்டது. பாடசாலைகளிற் சமய போதனை பற்றிய மசோதா அது. ஆசிரியராகிய நாம் மறக்கத்தக்கதன்று.

1909 இல் நிதிமந்திரி லோயிட் ஜோர்ஜ், முதியோர் ஓய்வூதியத்துக்கும் போர்க்கப்பல்களுக்கும் பொருள் தேட, நிலத்தின்மீதும் பெருவருவாயின்மீதும் வரி விதித்தார். பிரபுக்கள் அவ்வரவு செலவுத் திட்டத்தை நவெம்பரில் 75 க்கு எதிராக 350 வாக்குகளால் தள்ளினர். பணக் காரியத்திற் கைவைப்பதில்லை என்னும் நெடுநாள் வழக்கு அன்று முறிந்தது. அஸ்குவித் குடிகளிடஞ் சென்றார். 1910 இல் இரு பொதுத்தேர்தல்கள் நிகழ்ந்தன. ஐரிஷ் கட்சியாரும் தொழிற் கட்சியாரும் துணைநிற்க அவர் பதவியில் நிலைத்தார். தேர்தலில் வென்றால் வேண்டுமளவு புதுப் பிரபுக்களை நியமிப்பதாக ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரிடம் இரகசியமாய் வாக்கும் பெற்றிருந்தார்.

1911 யூலையிற் பொதுமக்கள் சபையிலே பேச எழுந்த முதன்மந்திரியை எதிர்க்கட்சியார் அரைமணி நேரமளவும் கூச்சலிட்டுத் தடுத்தனர். நம் வகுப்பறையிற் பிள்ளைகள் இங்ஙனஞ் செய்யின் நாம் பொறுப்போமா? எனினும் ஆகஸ்ட் 10 ஆம் நாள், 114 க்கு எதிராக 131 வாக்குகளால், பிரபுக்கள் தம் கையாலேயே தம் அதிகாரத்தைக் குறைத்தனர். பண மசோதாவை ஒரு மாதத்துக்குமேல் அவர் தடுக்க இயலாது. ஏனையவற்றுட் பெரும்பாலானவற்றை 1949 வரை இரண்டாண்டளவே தாமதிக்க இயன்றது.

அதிகாரங் குறைந்ததேயன்றி அங்கத்துவம் மாறிற்றிலது. பரம்பரை முறைக்குப் பதிலாக மக்கள்வழி அமையும் சபையொன்றை நிறுவும் நோக்கம் அச்சட்டத்தின் முகவுரையிலேயே உளது. அஸ்குவித் அதனை நிறைவேற்றினாரல்லர். ஐரிஷ் பிணக்கும் 1914 இல் மூண்ட போரும் தடையாயின என்பர். இடையே மூன்றாண்டு கிடந்தமையின் அச்சமாதானத்தை நாம் முழுதும் ஏற்கிலேம்.

போரிலே 1916 இல் மூத்த மைந்தர் றேமண்ட் மாண்டார். அவ்வாண்டிறுதியிற் பதவியும் போயிற்று. 1924 இல் தேர்தலிலுந் தோற்ற அவர், மறுவருடம் ஒக்ஸ்போட்-அஸ்குவித் பிரபு என்னும் பட்டம் பெற்று, தாம் அடக்கிய சபையிலேயே அமர்ந்தார். 1928 இல் அவர் இறக்க, அப்பட்டம் றேமண்டின் பதினொரு வயதுப் புதல்வருக்கு வழிவழி முறையாற் சேர்ந்தது. அப்பேரர், 92 பேர் ஒழிந்த பரம்பரைப் பிரபுக்களை நீக்கிய 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தால், தம் முதுமையில் ஆசனத்தை இழந்தார்.