பாட்டாய் வந்த சொத்து: தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்

கமுந்திங், தைப்பிங் வட்டாரத்துத் தோட்டங்களில் வேதக்காரக் குடும்பங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பைபிள் வாசிக்கத் தெரியாத பாட்டி கூட கீர்த்தனையை அடி பிசகாமல் பாடுவார். பேரப்பிள்ளைக்குப் பக்தி வந்தது அந்த வாய் வழியாகத்தான். அந்தப் பாட்டுகளில் பலவற்றைக் கட்டியவர் வேதநாயக சாஸ்திரியார்.

1774 செப்டம்பர் 7-ல் திருநெல்வேலியில் பிறந்தார். தகப்பனார் அருணாசலம் பிள்ளை வேதத்தில் சேர்ந்து தேவசகாயம் ஆனவர். மகனுக்குப் பன்னிரண்டு வயசாகும்போது, ஜெர்மன் பாதிரியார் சுவார்ட்ஸ் ஐயர் அவனைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனார். பிற்பாடு ராஜாவான சரபோஜியும் அதே ஐயர் கண்காணிப்பில் வளர்ந்தவர்தான். இரண்டு பேரும் சிறு வயசுச் சிநேகிதர்கள்.

இருபது வயசுக்குள் பையன் வாத்தியாராகிவிட்டார். அந்தக் காலத்தில் கோயிலில் பாடியது ஜெர்மன் ராகத்தில் மொழிபெயர்த்த ஞானப்பாட்டு. ஏட்டைப் பார்த்துப் பாடலாம். நாற்று நடும்போது வாயில் வருமா? சாஸ்திரியார் ஜனங்களிடம் ஏற்கனவே இருந்ததை எடுத்துக்கொண்டார். குறவஞ்சி, கும்மி, நொண்டி நாடகம் எல்லாம் இயேசுவைப் பாட ஆரம்பித்தன. 1800-ல் பாடிய 'பெத்லகேம் குறவஞ்சி'யில் தேவமோகினி என்ற பெண் கிறிஸ்துவின் மேல் காதல் கொள்கிறாள், குறத்தி வந்து குறி சொல்கிறாள். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற பாடமும் அதற்குள்ளேயே இருக்கிறது. வாத்தியார் புத்தி எங்கே போகும்!

1820-களில் புதுப் பாதிரிமார் வந்தார்கள், சண்டையும் வந்தது. பழகிய பைபிள் மொழிபெயர்ப்பை மாற்றினார்கள், கோயிலில் தமிழ்ப் பாட்டை நிறுத்தினார்கள், விசேஷங்களில் பூ கூடாது என்றார்கள். சாஸ்திரியார் எதிர்த்து நின்றார். நானாக இருந்தாலும் அவர் பக்கம்தான் நின்றிருப்பேன். ஆனால் நாலாவது ஒன்று உண்டு. நற்கருணைக்கு எல்லாச் சாதியும் சேர்ந்து உட்காரணும் என்று அதே பாதிரிமார் சொன்னார்கள். அதையும் கொடுமை என்றே அவர் எழுதினார். அவ்வளவு பெரிய மனுஷர் இதிலே தவறிப்போனார், மழுப்ப ஒன்றுமில்லை. நம்ம பாட்டன்மாரும் கப்பலேறும்போது பாட்டோடு சாதியையும் மூட்டை கட்டித்தானே கொண்டுவந்தார்கள். லயத்தைக் கூட சாதி பார்த்துப் பிரித்த தோட்டங்கள் இருந்தன.

இந்தச் சண்டையில் அவருக்கு மிஷன் வேலை போயிற்று. கைகொடுத்தது யார் தெரியுமா? இந்து ராஜாவான சரபோஜிதான். அரண்மனைக் கவிராயராக வைத்துச் சம்பளம் கொடுத்தார். 1832-ல் ராஜா இறந்துபோனார். சாஸ்திரியார் அதற்குப் பிறகும் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தார்.

1864 ஜனவரி 24-ல், எண்பத்தொன்பது வயசில், தஞ்சாவூரில் காலமானார். எழுதி வைத்தது நூறு நூலுக்கு மேல். பிள்ளைகளும் பேரன்மாரும் சாஸ்திரியார் என்ற பட்டத்தையும் கதாகாலட்சேபத்தையும் விடவில்லை. ஒருவர் வயசாகி உட்கார்ந்தால் அடுத்தவர் எழுந்து, தாளக்கட்டையோடு ஊர் ஊராய்ப் போய், அதே பாட்டைப் பாடினார்கள்.