ஸர் ராபர்ட் ஹண்டர்

பொது நிலத்தைக் காத்த வக்கீல் ஒருவரின் சரித்திரத்தை நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு இம்மாதம் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

ஹண்டர் 1844-ஆம் வருஷம் லண்டனில் ஜனித்தார். சட்டம் பயின்று ஸொலிஸிடர் ஆனார். அக்காலத்தே அந்நகரைச் சூழ்ந்த மேய்ச்சல் வெளிகளையும் வனங்களையும் நிலப்பிரபுக்கள் வேலியிட்டுத் தமதாக்கி வந்தனர். மாடு மேய்க்கவும் விறகு எடுக்கவும் குடியானவருக்கிருந்த பாத்தியதை அதனால் அழிந்தது. பொது நிலப் பாதுகாப்புச் சங்கத்தின் வக்கீலாக அமர்ந்த ஹண்டர், பழைய தஸ்தாவேஜுகளைத் துருவி அப்பாத்தியதையை நிலைநாட்ட உழைத்தார். எப்பிங் வனத்தருகே லண்டன் நகரசபைக்குச் சிறிது நிலம் உண்டு. அதைச் சார்ந்த மேய்ச்சல் உரிமை வனம் முழுவதற்கும் செல்லும் என்பதே வழக்கு. 1851-க்குப் பின் இட்ட வேலிகள் சட்டவிரோதமென்று 1874-இல் தீர்ப்பாயிற்று. 1878-ஆம் வருஷச் சட்டத்தால் வனம் ஜனங்களுக்கு நிலைத்தது.

1882 முதல் தபால் இலாகாவின் ஸொலிஸிடராக அவர் உத்தியோகம் பார்த்தார். ஓய்வுப் பொழுதையெல்லாம் இத்தொண்டுக்கே ஈந்தார். முதல் மனைவி 1872-இலேயே காலமாகிவிட, 1877-இல் மறுமணம் புரிந்து மூன்று புத்திரிகளுக்குத் தந்தையானார். குடும்பத்துடன் ஹேஸல்மியரில் வசித்தார். அவர்களுள் டாரதி, பெண்களுக்கு வாக்குரிமை வேண்டிப் பாடுபட்டவர்.

வழக்கில் வென்ற நிலமும் பின்னாளில் விலைபோகலாம் என்பதை அவர் உணர்ந்தார். ஆதலின் 1895-இல் ஆக்டேவியா ஹில் அம்மையாருடனும் ரான்ஸ்லி பாதிரியாருடனும் கூடி நேஷனல் டிரஸ்ட் என்னும் ஸ்தாபனத்தை நிறுவினார். அதன் நிலங்களை விற்கவொண்ணாதபடி பிரகடனம் செய்யும் அதிகாரத்தை 1907-ஆம் வருஷச் சட்டம் அளித்தது. 1913 நவம்பரில் அவர் காலஞ்சென்றார்.

சட்டம் பயிலும் நம் பிள்ளைகள், தம் ஊர் மந்தைவெளியின் பத்திரங்களையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பார்களாக.