பீர்பால் சகானி

பீர்பால் சகானி (நவம்பர் 14, 1891 – ஏப்ரல் 10, 1949) புகழ்பெற்ற இந்தியத் தொல்தாவரவியல் அறிஞர் ஆவார். பாறைகளில் புதைந்து கல்லாக மாறிய பழங்காலத் தாவரங்களை ஆராயும் இத்துறையை இந்தியாவில் தனித்துறையாக நிலைநாட்டியவர் இவரே. கண்ணுக்குப் புலப்படாத மகரந்தத்தூள், வித்துத்தூள், மரத்துணுக்கு போன்ற நுண்புதைபடிவங்களைக் கொண்டு பாறையின் வயதையும் பண்டைய நிலச்சூழலையும் கணிக்கும் முறையை இந்தியாவில் வளர்த்த முன்னோடிகளுள் ஒருவர். இவர் இலக்னோவில் தோற்றுவித்த ஆய்வகம் இன்று பீர்பால் சகானி தொல்லறிவியல் நிறுவனம் என்னும் பெயரில் இயங்கி வருகிறது.

பிறப்பும் கல்வியும்

இன்று பாக்கித்தானில் உள்ள பேரா என்னும் ஊரில் சகானி பிறந்தார். தந்தை ருச்சிராம் சகானி இலாகூர் அரசுக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர். தாயார் ஈசுவர் தேவி. விடுமுறைக் காலங்களில் தந்தை பிள்ளைகளை இமயமலைப் பகுதிகளுக்கு நடைப்பயணமாக அழைத்துச் செல்வது வழக்கம். பேராவுக்கு அருகிலேயே உப்பு மலைத்தொடர் அமைந்துள்ளது. பல கோடி ஆண்டுப் பாறைகள் அடுக்கடுக்காக வெளித்தெரியும் அம்மலையே பிற்காலத்தில் இவருடைய மிகப்பெரிய விவாதத்துக்குக் களமானது.

1911 இல் இலாகூரில் பட்டம் பெற்றபின் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்சு இம்மானுவேல் கல்லூரியில் பயின்றார். அங்கு ஏ. சி. சூவர்டு என்னும் தொல்தாவரவியலாளரிடம் ஆய்வுப் பயிற்சி பெற்றார். 1919 இல் இலண்டன் பல்கலைக்கழகம் இவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் வழங்கியது. அதே ஆண்டில் தாயகம் திரும்பி, காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் பஞ்சாப் பல்கலைக்கழகத்திலும் சிறிது காலம் பணியாற்றினார். 1920 இல் சாவித்திரி சூரியை மணந்தார். 1921 இல் இலக்னோ பல்கலைக்கழகத்தின் முதல் தாவரவியல் பேராசிரியராகப் பொறுப்பேற்று, இறுதிவரை அங்கேயே இருந்தார். 1936 இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கோண்டுவானாத் தாவரங்கள்

இந்தியா, ஆசுத்திரேலியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, அண்டார்க்டிக்கா ஆகியவை ஒன்றாக இணைந்திருந்த பண்டைய நிலப்பரப்பு கோண்டுவானா எனப்படும். இந்தியாவில் கிடைத்த கோண்டுவானாத் தாவரப் புதைபடிவங்களை மறு ஆய்வு செய்து சூவர்டும் சகானியும் 1920 இல் ஒரு நூல் வெளியிட்டனர். 19 ஆம் நூற்றாண்டில் ஒட்டோகர் பீசுட்மாண்டல் முதலியோர் இட்டுச்சென்ற பெயர்களையும் வகைப்பாடுகளையும் இது சீர்செய்தது.

தமிழ்நாட்டிலும் கோண்டுவானாப் படிவுகள் உண்டு. பலரும் அறியாத செய்தி, சென்னையின் மேற்குப் புறநகரும் அவற்றின்மேல் அமைந்துள்ளது என்பதே. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் வண்டலுக்குக் கீழே களிப்பாறையாகக் கிடைக்கும் இப்படிவு, மேற்கே திருப்பெரும்புதூர்ப் பக்கத்தில் மேற்பரப்பில் தென்படுகிறது. அங்குள்ள இலைப்பதிவுகளைப் பீசுட்மாண்டல் 1879 இல் விவரித்தார். இலைகளை மட்டும் பார்த்தால் இது ஆறோ ஏரியோ படிய வைத்த மண் என்றே தோன்றும். ஆனால் அதே படிவில் கடல்வாழ் உயிரிகளின் ஓடுகளும் கிடைத்தன. 1960களில் போரமினிபெரா எனப்படும் நுண்ணிய கடலுயிரிகளின் ஓடுகளும் அதில் கண்டறியப்பட்டன. ஆகவே, பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், இன்றைய கடற்கரைக்கு மேற்கே 40 கி.மீ. அளவு உள்ளே தள்ளியிருக்கும் இவ்விடத்தில் கடல் இருந்தது. கரையிலிருந்த காட்டின் இலைகள் அதில் விழுந்து படிந்தன. மணலளவு ஓடு ஒன்று ஒரு நிலப்பரப்பின் வரலாற்றையே மாற்றி எழுதவைக்கும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

சகானியின் ஆய்வுக்குழுவும் 1930களிலேயே நுண்புதைபடிவங்களின் பக்கம் திரும்பியது. இவரிடம் ஆய்வு செய்த சி. விர்க்கி, இந்தியாவிலும் ஆசுத்திரேலியாவிலும் உள்ள கீழ்க் கோண்டுவானாப் பாறைகளில் சிறகுடைய தூள்கள் காணப்படுவதை 1937 இல் வெளியிட்டார். இலையும் தண்டும் அழிந்துபோன பாறையிலும் தூள்கள் எஞ்சும். அவற்றின் புறவுறை எளிதில் மட்காது என்பதே அதற்குக் காரணம்.

சென்னை உரையும் காசுமீரமும்

1940 சனவரியில் சென்னையில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டுக்குச் சகானி தலைமை தாங்கினார். தக்காணப் பீடபூமியின் எரிமலைப் பாறைகளே அவருடைய தலைமையுரையின் பொருள். எரிமலைக் குழம்பு அடுக்குகளுக்கு இடையே சிக்கிய ஏரிப்படிவுகளில் நீர்ச்செடிகளும், மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில் நீப்பா என்னும் பனைவகையின் கனிகளும் கிடைத்திருந்தன. நீப்பா இன்று கழிமுகங்களின் உவர்நீர்ச் சேற்றில் வளர்வது. ஆதலால் கடலின் கை ஒன்று நடு இந்தியாவுக்கு அருகில் வரை நீண்டிருக்க வேண்டும் என்று அவர் கருதினார். பாறைகளின் வயது கிரீத்தேசியக் காலத்துக்குப் பிந்தியது என்பதும் அவர் வாதம். இன்றைய கதிரியக்கக் கணிப்பு இவ்வெரிமலை வெடிப்புகளை ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், அதாவது கிரீத்தேசியக் காலத்தின் முடிவை ஒட்டி இருபுறமும், வைக்கிறது. இருதரப்பும் பாதி சரி எனலாம்.

காசுமீரத்தின் கரேவா ஏரிப்படிவுகளையும் இவர் ஆராய்ந்தார். தாழ்ந்த ஏரிகளில் வளரும் சிங்காடா என்னும் முட்கொட்டைச் செடியின் எச்சங்கள் பீர் பஞ்சால் மலையின் உயரமான சரிவுகளில் கிடைத்தமையால், அம்மலை மனிதன் தோன்றிய பின்னரும் பல ஆயிரம் அடி உயர்ந்துள்ளது என்று 1936 இல் எழுதினார்.

உப்பு மலைத்தொடர் விவாதம்

உப்பு மலைத்தொடரில் கியூரா முதலிய சுரங்கங்களில் வெட்டப்படும் உப்பு எப்போது படிந்தது என்பது நீண்டகாலச் சர்ச்சை. உப்புக்கு மேலே உள்ள பாறைகளில் கேம்பிரியன் கால உயிரிகள் உள்ளன. அடியில் இருப்பது பழையது என்னும் விதிப்படி, உப்பு 50 கோடி ஆண்டுகளுக்கும் முந்தியதாகவே இருக்க வேண்டும். ஆனால் அண்டைப் பகுதியான கோகாட்டின் உப்பு இயோசீன் காலத்தது. அது ஏறத்தாழ 5 கோடி ஆண்டு வயதே உடையது. எனவே பழைய பாறை பிற்காலத்தில் நகர்ந்து, இளைய உப்பின்மேல் ஏறிக்கொண்டது என்று சிலர் கூறினர்.

இவ்வழக்கை நுண்புதைபடிவங்களே தீர்க்கும் என்று சகானி நம்பினார். உப்பைத் தூய நீரில் கரைத்தும், பிற பாறைகளை அமிலத்தில் சிதைத்தும், எஞ்சிய கசடை நுண்ணோக்கியில் பார்த்தார். பூக்கும் தாவரங்களின் மரத்துணுக்குகளும் பூச்சிகளின் உடற்கூடுகளும் தென்பட்டன. கேம்பிரியன் காலத்தில் நிலத்தில் மரமும் இல்லை, பூச்சியும் இல்லை. ஆகவே உப்பு இயோசீன் காலத்தது என்று 1944 முதல் நேச்சர் உள்ளிட்ட இதழ்களில் எழுதினார். எதிர்த்தரப்பினர் கேட்ட கேள்வி எளியது: அத்துணுக்குகள் உப்போடு பிறந்தவையா, பின்னர் புகுந்தவையா? உப்பு நீரில் கரையும், மீண்டும் உறையும், அழுத்தத்தில் ஒழுகும். விரிசல் வழியே இறங்கும் மழைநீர் மேலுள்ள எதையும் உள்ளே கொண்டு சேர்க்கலாம். ஆய்வகக் காற்றில் மிதக்கும் தூசியும் மாதிரியில் விழலாம். இவ்வையங்களைச் சகானி அறியாதவர் அல்லர். வெளிப்பரப்பை நீக்கிப் பாறையின் உட்பகுதியையே எடுத்தார். எளிதில் கரையாத பாறைகளிலும் அதே துணுக்குகளைத் தேடினார். 1944, 1945 ஆண்டுகளில் கருத்தரங்குகள் கூட்டி, தம்மை மறுத்தவர்களின் கட்டுரைகளையும் சேர்த்தே வெளியிடச் செய்தார். விவாதம் நடத்தும் முறையில் இது இன்றும் பின்பற்றத்தக்கது என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

முடிவு அவருக்கு எதிராகவே அமைந்தது. உப்பு அதன் மேலுள்ள பாறைகளோடு இயல்பாகவே அடுக்கப்பட்டது என்பதைப் பிற்காலக் கள ஆய்வுகள் காட்டின. இராசத்தான், ஓமன் ஆகிய இடங்களில் அதே காலத்து உப்புப் படிவுகள் அறியப்பட்டன. இன்று இவ்வுப்பு கேம்பிரியன் காலத் தொடக்கத்தையோ அதற்குச் சற்று முந்திய காலத்தையோ சேர்ந்தது என்று பொதுவாக ஏற்கப்படுகிறது. சகானி கண்ட துணுக்குகள் பின்னர் புகுந்தவை என்று கருதப்படுகின்றன. ஏரிச்சேற்றிலிருந்து மகரந்தத்தூளை எடுத்துப் பருவமழையின் பழைய ஏற்ற இறக்கத்தைக் கணிப்போர், இன்று ஒவ்வொரு மாதிரியோடும் மண் ஏதும் இடாத வெற்று மாதிரி ஒன்றையும் அதே வேதிப்பொருள்களில் இட்டுச் சோதிப்பதுண்டு. அதில் தூள் தென்பட்டால், அது ஆய்வகத்திலிருந்து வந்தது என்பது தெரிந்துவிடும்.

நாணயவியலிலும் சகானிக்கு ஈடுபாடு இருந்தது. அரியானாவின் ரோத்தக் நகருக்கு அருகே கிடைத்த பழைய நாணய அச்சுகளை ஆராய்ந்து, பண்டைய இந்தியாவில் நாணயம் வார்த்த முறை பற்றி 1945 இல் நூல் வெளியிட்டார்.

நிறுவனமும் மறைவும்

1946 செப்டம்பரில் தொல்தாவரவியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. தம் நூலகத்தையும் புதைபடிவத் தொகுப்பையும் சகானி அதற்கு வழங்கினார். புதிய கட்டடத்துக்கு ஏப்ரல் 3, 1949 அன்று சவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். பல நாடுகளின் புதைபடிவங்கள் பதிக்கப்பட்ட அக்கல்லைச் சகானியே வடிவமைத்தார். ஒரு வாரத்துக்குள், ஏப்ரல் 10 அன்று, மாரடைப்பால் காலமானார். 1950 இல் இசுடாக்கோமில் கூடவிருந்த அனைத்துலகத் தாவரவியல் மாநாட்டுக்குக் கௌரவத் தலைவராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார்.

நிறுவனப் பொறுப்பைச் சாவித்திரி சகானி ஏற்றார். கட்டடம் நிறைவுற்று, சனவரி 1953 இல் நேருவால் திறந்து வைக்கப்பட்டது. 1969 இல் நிறுவனம் தன்னாட்சி அமைப்பாக மாற்றப்பட்டது.