பெயர் முந்தியது, கதை பிந்தியது
அமரர் எஸ்.எஸ். வாசன் வாழ்க்கையிலிருந்து

லாலாகுடா, மெட்டுகூடா பக்கம் நம்மவர்கள் பலர் சிறு தொழில் செய்கிறார்கள். அப்பளம், ஊறுகாய், தையல், மெஸ் என்று ஏதாவது ஒன்று. நோட்டீஸ் அடித்தால் சரக்கின் பெயர், விலை, விலாசம் மூன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். சரக்கு நல்லதுதான். ஆனால் அது யாருக்காக, எதற்காக என்பது படிக்கிறவருக்கு விளங்குவதில்லை. இந்தக் குறையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆனந்த விகடன் வாசன்தான் நினைவுக்கு வருகிறார்.

திருத்துறைப்பூண்டியில் பிறந்த சீனிவாசன் சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாயாருடன் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். படிப்பு பாதியில் நின்றது. பிழைப்புக்கு அவர் பிடித்துக்கொண்டது விளம்பரத் தொழிலை. பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேர்த்துக் கொடுத்தார். சில்லறைச் சாமான்களைத் தாமே விளம்பரம் செய்து தபால் மூலம் விற்றார். தபால் வியாபாரத்தில் ஒரு சங்கடம் உண்டு. வாங்குகிறவர் பொருளைக் கண்ணால் பார்ப்பதில்லை, கையால் தொடுவதில்லை. அச்சில் வந்த நாலு வரியை நம்பித்தான் பணம் கட்ட வேண்டும். அந்த நாலு வரி தெளிவாக இல்லையென்றால் பார்சல் திரும்பிவிடும். பார்சல் ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்குத் திரும்பி வந்த பார்சலின் அருமை தெரியும்!

1926ல் பூதூர் வைத்தியநாதையர் தொடங்கிய ஆனந்த விகடன் தள்ளாடியபோது, 1928ல் வாசன் அதை வாங்கினார். பெயரில் எட்டு எழுத்து, எழுத்துக்கு 25 ரூபாய், ஆக 200 ரூபாய் என்று கணக்குப் போட்டாராம். நகைச்சுவைத் துணுக்கு, கார்ட்டூன், குறுக்கெழுத்துப் போட்டி எல்லாம் விற்பனையை ஏற்றின. கல்கி வந்து சேர்ந்ததும் வாராவாரம் வாசகர்களைக் காத்திருக்க வைத்தது தொடர்கதை. வாசனே எழுதிய ‘சதி லீலாவதி’ 1936ல் படமாகி, எம்.ஜி.ஆருக்கு முதல் படமாக அமைந்தது. கல்கியின் ‘தியாக பூமி’ விகடனில் வந்தபோது, தயாராகிக்கொண்டிருந்த படத்தின் புகைப்படங்களையே கதையோடு அச்சிட்டார்கள். 1939ல் படம் வெளிவந்தபோது வாசகர்களுக்கு அது ஏற்கனவே பழகிய குடும்பம். படத்துக்குத் தனியாக ஒரு விளம்பரம் வேண்டியிருக்கவில்லை என்றே சொல்லலாம்.

பிறகு டைரக்டர் கே. சுப்பிரமணியம் சம்பந்தப்பட்டிருந்த ஸ்டூடியோ தீப்பிடித்து ஏலத்துக்கு வந்தது. வாசன் 86,427 ரூபாய் 11 அணா 9 பைக்கு எடுத்தார். (அந்த 9 பையை நம்மைப் போன்ற குமாஸ்தாக்கள் ரசிப்பார்கள்.) அதுதான் ஜெமினி ஸ்டூடியோ. ஊதுகுழல் ஊதும் இரட்டைக் குழந்தைகள் அதன் சின்னம். அங்கே அவர் 1942ல் எடுத்த ‘பால நாகம்மா’ தெலுங்குப் படம் என்பதை இங்குள்ள நாம் குறிப்பாக அறிந்துகொள்ள வேண்டும். தெலுங்கு நாட்டில் கிராமத்துக்குக் கிராமம் சொல்லி வந்த கதை அது. காஞ்சனமாலா நடித்த அந்தப் படம் பிரமாத வெற்றி பெற்றது. அடுத்த ஆண்டு ‘மங்கம்மா சபதம்’ தமிழில் ஓடியது.

இத்தனை வெற்றிக்குப் பின்தான் வாசன் ஒரு வம்பில் மாட்டினார். அடுத்த படத்துக்குக் கதை இலாகா ஒரு கதை சொன்னது. கொள்ளைக்காரன் ஒருவனை ஏமாற்றி மூக்கறுத்து, காயத்தில் மிளகாய்ப் பொடியைத் தூவும் பெண்ணின் கதை. கொத்தமங்கலம் சுப்பு முதலியோர் இருந்த இலாகா அது. கதை கோரமாக இருக்கிறது என்று வாசன் தள்ளிவிட்டார். ஆனால் அந்தப் பெண்ணின் பெயர் மட்டும் அவருக்குப் பிடித்துவிட்டது: சந்திரலேகா. அடுத்த படம் இதுதான் என்று பத்திரிகைகளில் பெரிதாக விளம்பரமும் கொடுத்துவிட்டார். பெயர் இருக்கிறது, விளம்பரம் இருக்கிறது, கதை இல்லை! விளம்பரத்தில் கரை கண்டவருக்கே இந்தக் கதி.

மாதக்கணக்கில் இலாகாவினர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பொறுமை இழந்த வாசன், இதைக் கைவிட்டு ஔவையாரை எடுக்கப் போவதாகச் சொல்லி ஒரு வாரம் தவணை கொடுத்தார். அந்தத் தவணைக்குள் வேப்பத்தூர் கிட்டு, ரெனால்ட்ஸ் எழுதிய பழைய ஆங்கில நாவல் ஒன்றைப் புரட்டினார். கொள்ளைக்காரன் ஒரு பெண்ணை ஆடச் சொல்லி வதைக்கும் கட்டம் அதில் இருந்தது. அந்த ஒரு கட்டத்திலிருந்து கதை வளர்ந்தது. அண்ணன் தம்பி இரண்டு இளவரசர்கள், நடுவே ஒரு கிராமத்துப் பெண். தம்பியை மணக்கச் சம்மதிப்பதுபோல் நடித்து, கல்யாணத்துக்கு முன் ஒரு முரசு நடனம் வேண்டும் என்கிறாள். ராட்சத முரசுகளுக்குள்ளிருந்து போர்வீரர்கள் வெளிப்படுகிறார்கள். இந்த நாலு வரியைக் கேட்டால் டிக்கெட் வாங்கத் தோன்றும். வெறும் பெயரைக் கேட்டவருக்கு அப்படித் தோன்றியிருக்குமா?

படம் முடிய ஐந்தாண்டு ஆயிற்று. நடுவில் டைரக்ஷனையும் வாசனே ஏற்றார். செலவு முப்பது லட்சத்தை எட்டியது என்பார்கள். கடன் கழுத்தை நெரித்தது. டி.ஆர். ராஜகுமாரி, எம்.கே. ராதா, ரஞ்சன் நடித்த தமிழ்ப் படம் 1948 ஏப்ரல் 9ந் தேதி வெளிவந்தது. கூட்டம் குறையவில்லை, ஆனாலும் போட்ட பணம் முழுதும் திரும்பவில்லை. வேறொருவர் என்றால் அத்தோடு முடங்கியிருப்பார். வாசன் சில காட்சிகளை மாற்றி, புதிதாகச் சேர்த்து, அதே ஆண்டு டிசம்பரில் ஹிந்தியில் வெளியிட்டார். அதுவரை வடக்கே எந்தச் சென்னைப் படத்துக்கும் கண்டிராத அளவில் விளம்பரம் செய்தார். அறுநூறுக்கும் மேற்பட்ட பிரதிகள் போடப்பட்டதாகச் சொல்வார்கள். முரசு நடனத்துக்கு மொழி தேவைப்படவில்லை. போட்ட முதல் வந்தது, அதற்கு மேலும் வந்தது. சென்னையில் எடுத்த படத்துக்கு வடக்கே சந்தை திறந்தது.

ஒத்திப்போட்ட ‘ஔவையார்’ கே.பி. சுந்தராம்பாள் நடிக்க 1953ல் வந்தது. வாசன் ராஜ்ய சபை அங்கத்தினராகவும் இருந்தார். 1969ல் பத்மபூஷண் பெற்றார். அதே ஆண்டு ஆகஸ்ட் 26ந் தேதி காலமானார். சென்னையில் 1973ல் கட்டிய அண்ணா மேம்பாலத்தை இன்றும் ஜெமினி மேம்பாலம் என்றுதான் பஸ் கண்டக்டர்கள் கூவுகிறார்கள்.