மில் முதலாளி வீட்டுப் பெண்: அனசூயா சாராபாய்

நம்ம கூட்டமைப்பு மலருக்கு ஒரு பெண் தலைவரைப் பத்தி எழுதச் சொன்னாங்க. நூலு, துணி, கூலின்னு நம்ம பொழப்புக்குப் பக்கத்துல இருக்கிறவங்களா எழுதலாம்னு அனசூயா சாராபாய் அம்மாவை எடுத்துக்கிட்டேன்.

இவர் 1885 நவம்பர் 11-ல் அகமதாபாத்தில் பெரிய மில் முதலாளி குடும்பத்தில் பிறந்தார். ஒன்பது வயசிலேயே அப்பா அம்மா இருவரையும் இழந்தார். 13 வயசுல கல்யாணம் பண்ணி வெச்சாங்க. அது நிலைக்கல, பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்துட்டார். அந்தக் காலத்துல அப்படி வந்த பெண்ணை ஊரு என்ன பேசியிருக்கும்னு நமக்குச் சொல்லவா வேணும்? ஆனா அவருடைய தம்பி அம்பாலால் அக்காவுக்குத் துணையா நின்னார். 1912-ல் படிக்க லண்டனுக்கு அனுப்பி வைத்தார். டாக்டருக்குத்தான் படிக்கப் போனார். ஜைன மதத்தவர் என்பதால் உயிர்களை அறுத்துப் படிப்பது மனசுக்கு ஒப்பல. பொருளாதாரக் கல்லூரிக்கு மாறிட்டார். அங்கே பெண்கள் ஓட்டுரிமைக்காகத் தெருவில் இறங்கிப் போராடிய நேரம் அது. அதையெல்லாம் கண்ணால் பார்த்தார்.

ஊர் திரும்பி, ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். ஒரு நாள் காலையில் பிள்ளைகளுக்குத் தலை வாரிக்கொண்டு இருந்தபோது, மில்லில் வேலை செய்யும் பெண்கள் சிலர் உயிரில்லாத மாதிரி நடந்து போவதைப் பார்த்தார். கூப்பிட்டு விசாரித்தார். விடாமல் 36 மணி நேரம், அதாவது ரெண்டு ராத்திரியும் ஒரு பகலும் வேலை பார்த்துவிட்டு வர்றாங்கன்னு தெரிஞ்சது. அந்த மில்லுங்கதான் அவர் குடும்பத்துக்கும் சோறு போட்டது. அன்னைக்கே தொழிலாளர் பக்கம் நிக்கிறதுன்னு முடிவு பண்ணினார். மில் பெண்களுக்குக் குழந்தைகள் காப்பகம், கழிப்பறை, பிரசவ விடுதி எல்லாம் ஏற்படுத்தினார்.

பெரிய சோதனை 1918-ல் வந்தது. முந்தைய வருஷம் ஊருக்குள் பிளேக் நோய். தொழிலாளிங்க ஓடிப்போகாம இருக்க முதலாளிகள் தனி போனஸ் கொடுத்தாங்க. நோய் அடங்கினதும் அதை நிறுத்தப் பார்த்தாங்க. விலைவாசியோ இறங்கவே இல்லை. 35 சதவீதம் உயர்வு வேணும்னு தொழிலாளர், 20-க்கு மேல முடியாதுன்னு முதலாளிகள். முதலாளிகள் தரப்புக்குத் தலைமை யாருன்னு நினைக்கிறீங்க? லண்டனுக்கு அனுப்பி வைத்த அதே தம்பி அம்பாலால்! இந்தப் பக்கம் காந்தியடிகளோடு அக்கா. தினமும் சாயங்காலம் சபர்மதி ஆற்றோரம் கருவேல மரத்தடியில் கூட்டம் நடந்தது.

நாளாக நாளாக வீட்டில் அடுப்பு எரியல. காந்தியும் அனசூயாவும் காரில் வந்து போறாங்க, நல்லா சாப்பிடுறாங்க, பட்டினி நமக்குத்தானேன்னு சிலர் முணுமுணுத்தாங்க. அந்தப் பேச்சு நியாயம்தான்னு எனக்குப் படுது. மார்ச் 15-ல் காந்தியடிகள் உண்ணாவிரதத்தை அறிவித்தபோது அனசூயாவின் கண்ணில் தண்ணீர் வழிந்ததாம். மூணாம் நாள் சமரசம் ஆச்சு. முதல் நாளுக்கு 35, மறுநாளுக்கு 20, அப்புறம் நடுவர் சொல்ற வரைக்கும் 27½ சதவீதம்! ரெண்டு பக்கமும் தோத்ததா இருக்கக் கூடாதுன்னு கணக்குப் போட்டிருக்காங்க, நம்ம ஊர்ப் பஞ்சாயத்து மாதிரியே. கடைசியில் நடுவர் 35-ஐயே கொடுத்தார்.

1920-ல் மஜூர் மகாஜன் என்ற தொழிலாளர் சங்கம் உருவானது. அனசூயாதான் தலைவி. எல்லாரும் அவரை மோட்டாபென், அதாவது பெரியக்கான்னு கூப்பிட்டாங்க.

ஆனா மில்லுக்கு வெளியே இருந்த பெண்கள்? வண்டி இழுக்கிறவங்க, தலைச்சுமை தூக்குறவங்க, வீட்ல தைக்கிறவங்க எந்தக் கணக்கிலும் வரல. இது எனக்கு நல்லாப் புரியும். நான் வீட்ல பனியன் பிசிறு வெட்டுறேன். போன வருஷம் கறை பட்டிருச்சுன்னு சொல்லி ஒரு வாரக் கூலியைப் பிடிச்சுக்கிட்டாங்க. யாருகிட்டப் போய்க் கேட்கிறது? துணி எந்தக் கம்பெனியோடதுன்னே எங்களுக்குத் தெரியாதுங்க.

பெரியக்கா உருவாக்கிய அந்தச் சங்கத்தின் பெண்கள் பிரிவில் வேலை பார்த்த இலா பட் அம்மா, இப்படிப்பட்ட பெண்களைச் சேர்த்து சேவா சங்கம் தொடங்கினார். பதிவு பண்ணப் போனா, உங்களுக்கு முதலாளியே இல்லையே, அப்புறம் யாரை எதிர்த்துச் சங்கம்னு அதிகாரிங்க கேட்டாங்க. சங்கம் ஒருத்தரை எதிர்க்க மட்டுமில்ல, தொழிலாளிங்க ஒண்ணு சேரவும்தான்னு வாதாடி, 1972 ஏப்ரல் 12-ல் பதிவு வாங்கினாங்க. அதே வருஷம் நவம்பர் 1-ல் அனசூயா அம்மா காலமானார்.

ரெண்டு வருஷம் கழிச்சு அந்தப் பெண்கள் 4,000 பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு போட்டு, சொந்தமா ஒரு கூட்டுறவு வங்கியைத் திறந்தாங்க. கையெழுத்துப் போடத் தெரியாதவங்களுக்குப் பாஸ்புக்கில் அவங்க போட்டோவை ஒட்டிக் கொடுத்தாங்க.