குப்பைத் தொட்டிக்குள் குழந்தைகள்!

பாரீஸ் நகரில் லூர்மெல் தெரு என்று ஒரு தெரு. அங்கே 77-ம் எண் வீட்டில் ஒரு கன்னியாஸ்திரீ இருந்தார். அவர் பெயர் மரியா ஸ்கோப்ட்சோவா.

விடியும் முன்பே கோணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவார். விற்காமல் மீந்த காய்கறி, மீன், எலும்பு... எதையும் விடமாட்டார். பேரம் பேசுவார், கெஞ்சுவார். அவர் கொண்டு வருவதுதான் அன்றைக்கு ஏழைகளுக்குச் சாப்பாடு.

மகள் மரணம்

மரியா ருஷ்யாக்காரர். 1891-ல் ரீகா நகரில் பிறந்தவர். கவிதை எழுதுவார். இரண்டு முறை திருமணம் ஆனவர். புரட்சிக்குப் பிறகு பிள்ளைகளோடு நாட்டை விட்டு ஓடினார். 1923-ல் பாரீஸ் வந்து, தையல் வேலை செய்து பிழைத்தார்.

1926-ல் சின்ன மகள் நாஸ்தியா மூளைக் காய்ச்சலில் இறந்தாள். பக்கத்திலேயே இருந்தும் தாயால் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துயரம் அவரை மாற்றியது. ஆதரவு இல்லாத எல்லோருக்கும் தாயாக இருப்பது என்று முடிவு செய்தார். 1932-ல் கன்னியாஸ்திரீ ஆனார்.

ஆனால், மடத்துக்குள் அடங்கி இருக்கவில்லை. சிகரெட் பிடிப்பார். பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். பசித்து வந்தவர்களா அதைப் பார்ப்பார்கள்?

போலீஸ் வேட்டை

1940-ல் ஹிட்லரின் படை பாரீசைப் பிடித்தது. மரியா யூதர்களுக்கு வீட்டில் இடம் கொடுத்தார். அங்கிருந்த பாதிரியார் டிமிட்ரி, ஞானஸ்நான சர்டிபிகேட் கொடுத்து யூதர்களைக் காப்பாற்றினார்.

1942 ஜூலையில் 2 நாளில் சுமார் 13 ஆயிரம் யூதர்களைப் போலீசார் பிடித்தார்கள். குழந்தை குட்டிகளோடு பிடிபட்டவர்களை ஒரு சைக்கிள் பந்தய அரங்கத்தில் அடைத்தார்கள். உள்ளே தண்ணீருக்கே தவிப்பு.

மரியா தன் அங்கியோடு உள்ளே போனார். கையில் கிடைத்த உணவைப் பங்கிட்டுக் கொடுத்தார். குப்பை அள்ளும் தொழிலாளர்கள் அவருக்குக் கை கொடுத்தார்கள். சில குழந்தைகளைக் குப்பைத் தொட்டிக்குள் மறைத்து வெளியே கொண்டுபோனார்கள். ஒரு குழந்தை அழுதிருந்தால் எல்லோர் கதியும் அதோகதிதான்!

தாயும் மகனும்

1943 பிப்ரவரியில் ஜெர்மன் ரகசியப் போலீசார் வந்தார்கள். மரியா வெளியூர் போயிருந்தார். மகன் யூரியைப் பிடித்துக்கொண்டார்கள். அவனுக்கு வயது 22. தாய் வந்தால் மகனை விடுவதாகச் சொன்னார்கள். தாய் வந்தார். மகனை விடவில்லை.

யூரியும் பாதிரியார் டிமிட்ரியும் 1944 பிப்ரவரியில் டோரா முகாமில் இறந்தார்கள்.

மரியாவை ராவென்ஸ்ப்ரூக் முகாமில் அடைத்தார்கள். அங்கே ரொட்டித் துண்டுதான் உயிர். அதையும் கொடுத்து ஊசியும் நூலும் வாங்கினார். சிலுவையில் அறையப்பட்ட ஏசுவை மாதா கையில் ஏந்தி நிற்கும் படத்தைத் துணியில் தைத்தார்.

1945 மார்ச் 31. மறுநாள் ஈஸ்டர். அன்று அவரை விஷவாயு அறைக்கு அனுப்பினார்கள். ஒரு மாதம் கழித்து ருஷ்யப் படை வந்து முகாமைத் திறந்தது.

2004-ல் ஆர்த்தடாக்ஸ் திருச்சபை மரியாவைப் புனிதர் ஆக்கியது. அவரோடு மகன் யூரியையும், பாதிரியார் டிமிட்ரியையும் சேர்த்தே.