கோபாலகிருஷ்ண பாரதியார்

கோபாலகிருஷ்ண பாரதியார் (இறப்பு: 1896) 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ் இசைப்புலவர் ஆவார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இவரது புகழ்பெற்ற படைப்பாகும்.

வாழ்க்கை

நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் அந்தணர் குடும்பத்தில் பிறந்தார். மாயவரத்தில் கோவிந்த யதியிடம் வேதாந்தமும், திருவிடைமருதூரில் ராமதாசரிடம் இந்துஸ்தானி இசையும் பயின்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆனந்ததாண்டவபுரத்தில் நெடுங்காலம் வாழ்ந்தார்.

நந்தனார் சரித்திரம்

பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் வரலாற்றில் ஆண்டை எவரும் இல்லை. பாரதியார் வேதியர் ஒருவரை நிலக்கிழாராகப் படைத்து, நந்தனாரை அவரது பண்ணையாளாக்கினார். சிதம்பரம் செல்ல விடைகேட்கும் நந்தனாருக்கு, 40 வேலி நிலத்தின் வேலையை முடிக்குமாறு வேதியர் கட்டளையிடுகிறார். காவிரிக் கழனிகளின் சாதிக்கொடுமை இவ்வாறு கதாகாலட்சேப மேடையேறியது.

கடற்கரை நகரான நாகப்பட்டினத்தில் பாடப்பட்டுப் புகழடைந்த இந்நூல், காரைக்காலில் பிரெஞ்சு அரசு அலுவலராக இருந்த சீசையாவின் ஆதரவில் அச்சேறியது. இலக்கணப் பிழைகள் கருதிச் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, பாரதியார் பாடக் கேட்டு மனமுருகி வழங்கினார்.

தாக்கமும் விமர்சனமும்

இக்கதை 1935இலும் 1942இலும் திரைப்படமாக வெளிவந்தது. இறுதியில் வேதியர் நந்தனாரை வணங்குகிறார்; எனினும் நந்தனார் தீயில் மூழ்கி எழுந்த பின்னரே கோயிலுள் செல்கிறார். இம்முடிவு பிற்காலத்தில் சாதி எதிர்ப்பாளர்களின் விமர்சனத்திற்கு உள்ளானது.